கால்குலேட்டர் மந்திரவாதியும் ஒரு தவளையும்

கார்ப்பரேட் அக்கவுண்டிங் இன்டர்னல் முடிஞ்ச சந்தோஷத்துல எழுதுறேன். கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க மக்களே :-)

சனிக்கிழமை ராத்திரி ஆனா ஹாஸ்டல்ல எங்க ரூம் கதவு மூடிடும். உள்ள அஞ்சு பேர், ஒரு பாய், ரெண்டு பாக்கெட் மிக்சர், ஒரு செட் பகடை. சீட்டாட்டம்னு நினைச்சு வார்டன் ரெண்டு தடவை வந்தார். 20 முகம் இருக்குற பகடையைக் கையில எடுத்து திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம போயிட்டார். நாங்க ஆடுறது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1974-ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேர் உருவாக்கி வெளிவந்த விளையாட்டு இது. ஒருத்தர் கதை சொல்வார், அவர்தான் டன்ஜன் மாஸ்டர். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம்: வீரன், மந்திரவாதி, திருடன், இப்படி. "நான் இதைப் பண்றேன்"னு அவங்க சொல்லணும். நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா பகடை தீர்ப்பு சொல்லும். அந்த உலகத்துல மீதி இருக்குற எல்லாரும், ராஜாவுல இருந்து சத்திரக்காரன் வரைக்கும், கதை சொல்றவர் பொறுப்பு. இவங்களைத்தான் என்.பி.சி.ன்னு சொல்றோம்.

எங்க செட்ல கதை சொல்றது நான். சரி, விஷயத்துக்கு வர்றேன்.

ஒரு சனிக்கிழமை, வரைபடத்துல சும்மா அழகுக்கு ஒரு கோபுரம் வரைஞ்சிருந்தேன். நான் எழுதி வச்சிருந்த கதை எல்லாம் தெற்கே ஒரு குகையில. பசங்க என்ன பண்ணாங்க? "மச்சி, முதல்ல அந்தக் கோபுரத்துக் கதவைத் தட்டுறோம்"னுட்டாங்க. உள்ள யாருன்னு எனக்கே தெரியாது! பேர் கேக்குறாங்க. மேஜை மேல கேசியோ கால்குலேட்டர் கிடந்தது. "காசியோன்... மகா மந்திரவாதி காசியோன்"னு அடிச்சு விட்டேன். அவசரத்துக்கு 2014-ல வந்த அஞ்சாவது பதிப்புல இருந்து ஆர்ச்மேஜ் கணக்கை எடுத்துக்கிட்டேன். 99 உயிர்ப் புள்ளி, காலத்தையே நிறுத்துற மந்திரம் வரைக்கும் தெரிஞ்சவர். பசங்க அப்ப மூணாவது லெவல், ஆளுக்கு 25 புள்ளி இருந்தாலே பெரிசு.

கொஞ்சம் பயமுறுத்தலாம்னு நினைச்சு, கிழவர் கை நடுங்குதுன்னு ஒரு வரி சேர்த்தேன். சும்மா ஒரு வர்ணனைக்கு.

எங்க செட்ல திருடனா ஆடுறவன் அதிகம் பேச மாட்டான். கிளாஸ்லயும் அப்படித்தான், லெக்சரர் அவன் பக்கம் திரும்பினாலே தலையைக் குனிஞ்சுக்குவான். அன்னைக்கு அவன்தான் முதல்ல வாயைத் திறந்தான். "ஐயா, உங்க கை நடுங்குது. மந்திரம் போட கை வேணுமில்ல? உங்களால போக முடியாத இடத்துக்கு நாங்க போறோம். பதிலுக்கு எங்களுக்கு என்ன தருவீங்க?"ன்னான்.

யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு அழகான கேள்வி! என்கிட்ட பதில் இல்ல. பதில் இல்லாதவனுக்குக் கோபம்தானே வரும்? "மகா மந்திரவாதிகிட்ட பேரம் பேசுறியா?"ன்னு காசியோன் சிரிச்சார். ஒரு சொடுக்கு. திருடன் தவளையாயிட்டான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான்.

அடுத்த சனிக்கிழமை "அசைன்மென்ட் இருக்குடா"ன்னான். அதுக்கடுத்த வாரமும் அசைன்மென்ட். ஒரே கிளாஸ்ல படிக்கிறோம், எனக்குத் தெரியாத அசைன்மென்ட் எங்க இருந்து வந்துச்சு? மெஸ்ல தட்டோட பக்கத்துல போய் உக்காந்து கேட்டேன். ரொம்ப நேரம் சாம்பாரைக் கிளறிட்டு சொன்னான்: "தவளையானது பிரச்சனை இல்ல. நீ என்னை பகடை உருட்டவே விடல. அது மந்திரவாதி பண்ணல, நீ பண்ணே."

ரூமுக்கு வந்து விதியை எடுத்துப் படிச்சேன். ஒருத்தனை அவன் இஷ்டமில்லாம உருமாத்தணும்னா, தப்பிக்க அவனுக்கு ஒரு உருட்டல் கொடுத்தே ஆகணும். ஆர்ச்மேஜ் மந்திரத்துக்கு 17 வேணும். இவனுக்கு 1 கூட்டல் உண்டு, அதனால பகடையில 16 அல்லது அதுக்கு மேல. அதாவது 20-ல 5, நூத்துக்கு 25. அந்த 25-ஐயும் நான் பிடுங்கிட்டேன். திருடன்கிட்டயே திருடினவன் நான்!

இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. அந்த மந்திரம் அதிகபட்சம் ஒரு மணி நேரம்தான் நிக்கும். போட்டவர் கவனம் சிதறாம இருக்கணும், அடி வாங்கினா கலைஞ்சுடலாம். இவ்வளவு பெரிய மந்திரவாதிக்கும் விதி ஒரு கடிவாளம் போட்டிருக்கு. நான்தான் அதை அவுத்து விட்டிருக்கேன்.

பி.காம். மூளைக்கு அப்பதான் உறைச்சது. காசியோனுக்கு நான் சொத்துப் பக்கம் மட்டும் எழுதியிருக்கேன், கடன் பக்கம் காலி. அந்த மாதிரி ஒரு பேலன்ஸ் ஷீட்டைக் கொண்டு போய்க் கொடுத்தா எங்க சார் மூஞ்சியிலயே விட்டெறிவார். இப்ப எல்லாம் திடீர்னு ஒரு பெரிய ஆள் கதைக்குள்ள வந்தா, புள்ளிக்கணக்கு பாக்குறதுக்கு முன்னாடி மூணு வரி எழுதிடுவேன்:

1. இன்னைக்கு இவருக்கு என்ன வேணும்?
2. அதை ஏன் இவரே போய் எடுத்துக்க முடியல?
3. இவர் யாருக்குக் கடன்பட்டிருக்கார், இல்ல யாருக்குப் பயப்படுறார்?

முப்பது செகண்டு போதும். சண்டைன்னு வந்துட்டா எண்களுக்குப் பஞ்சமே இல்ல, 2014 டன்ஜன் மாஸ்டர் புத்தகத்துலயே தயார் அட்டவணை இருக்கு. ஆனா எண்ணை வச்சு ஆளை உருவாக்க முடியாது.

இதுல பெரியவங்க ஏற்கனவே பாடம் படிச்சிருக்காங்க. டிரேசி ஹிக்மேன் ஒரு தடவை ஆடும்போது, நிலவறையில சம்பந்தமே இல்லாம ஒரு ரத்தக்காட்டேரி எதிர்ல வந்து நின்னுச்சாம். இது இங்க எதுக்கு இருக்குன்னு அவருக்கு உறுத்திக்கிட்டே இருந்திருக்கு. அப்புறம் அவரும் மனைவி லாராவும் சேர்ந்து எழுதினதுதான் 1983-ல வந்த ரேவன்லாஃப்ட். அதுல வர்ற ஸ்ட்ராட் பிரபுவுக்கு பலம் எல்லாம் முன்னாடியே எழுதியிருக்கும். ஆனா இந்தத் தடவை அவருக்கு என்ன வேணும்ங்கிறதை சீட்டு எடுத்துதான் முடிவு பண்ணணும். நான் காசியோனுக்குக் கேக்க மறந்த அதே கேள்வி!

அவன் வந்தானான்னு கேக்குறீங்களா? நாலாவது வாரம் வந்தான். மத்தவங்க முன்னாடி மன்னிப்பு கேட்டேன், கதையைக் கோபுர வாசல்ல இருந்து மறுபடி ஆரம்பிச்சேன். காசியோன் சொடுக்கு போட்டார். "உருட்டுடா"ன்னு பகடையைக் கொடுத்தேன்.

7.

கூட்டினா 8. மறுபடியும் தவளை :-) ஆனா இந்தத் தடவை முதல்ல சிரிச்சது அவன்தான். தவளையா இருந்த அந்த ஒரு மணி நேரத்துல, கிழவர் மருந்துக் குப்பியை மூடி திறக்க முடியாம தவிக்கிறதைப் பாத்துட்டான். மனுஷனா மாறினதும் அதே கேள்வியைக் கேட்டான்: "போக முடியாத இடத்துக்கு நாங்க போறோம். என்ன தருவீங்க?"

காசியோன் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு, உக்காருங்க தம்பின்னார்.

டிஸ்கி: கிளாஸ்ல அவன் இன்னும் அதிகம் பேச ஆரம்பிக்கல. ஆனா சனிக்கிழமை ராத்திரி எங்க குழுவுக்குப் பேரம் பேசுறது அவன்தான். கால்குலேட்டரை மட்டும் மேஜை மேல வைக்கக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு.