பரந்தனில் இருந்து முல்லைத்தீவு வரை: பட்டன் போனோடு ஒரு பயணம்

பரந்தன் சந்தியில் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதி தொடங்குகின்றது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் என்று ஏறக்குறைய 50 கிலோமீற்றர் நீளமான வீதி இது. 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் எம்மில் பலர் பிள்ளைகளையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு இந்த வீதியால்தான் ஊர் ஊராக இடம்பெயர்ந்தோம். யார் எங்கே நிற்கின்றார்கள், யார் உயிரோடு இருக்கின்றார்கள் என்று கேட்டறிய அன்று எமது கையில் தொலைபேசி இருக்கவில்லை. எதிரே வந்தவர்களிடம் விசாரித்தோம். அவ்வளவுதான்.

இன்று அந்த வீதியில் தொலைபேசி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. ஆனால் எல்லாப் பெண்களின் கையிலும் இருப்பது ரச் போன் அல்ல. வீட்டில் ஒரு ரச் போன் இருந்தால் அது படிக்கிற பிள்ளைக்கு. தாய்க்குப் பட்டன் போன். எனது வீட்டிலும் அப்படித்தான். மகள் உயர்தரம் படிக்கத் தொடங்கிய நாளில் இருந்து மூன்று ஆண்டுகளாக என்னிடம் இருப்பது பட்டன் போன். அதனோடு அண்மையில் நான்கு நாட்கள் இந்த வீதியில் இறங்கி ஏறிப் பயணம் செய்தேன்.

முதலில் இறங்கிய இடம் தருமபுரம். பஸ் நிற்கும் இடத்துக்குக் கிட்ட ஒரு சிறிய ரீலோட் கடை. எனது போனின் பின்மூடி இளகியிருந்தது. கடைத் தம்பி அதை அழுத்திப் பூட்டித் தந்துவிட்டு, "அன்ரி, உது விழுந்தாலும் பொறுக்கிப் பூட்டினால் வேலை செய்யும். ரச் போன் விழுந்தால் கண்ணாடிக்கே ஆயிரக்கணக்கில வரும்" என்றார். 2003 இல் நொக்கியா நிறுவனம் 1100 என்ற போனை விற்பனைக்கு விட்டபோது, எம்மைப் போன்ற நாடுகளின் புழுதியையும் வியர்வையையும் நினைத்தே அதைச் செய்தது. தூசி போகாத பொத்தான்கள், வழுக்காத பிடி, தலையில் ஒரு ரோர்ச் லைற். உலகம் முழுவதிலும் 25 கோடிக்கு மேல் அது விற்பனையானது. இன்றைய மலிவான பட்டன் போன்களிலும் அந்த ரோர்ச் இருக்கின்றது. இரவில் கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் போகிற பெண்ணுக்கு அது சிறிய விடயம் அல்ல.

விசுவமடுவில் கச்சான் உடைக்கும் பெண்கள் சிலரோடு ஒரு மதியம் இருந்தேன். கைகள் கோதை உடைத்தபடி இருக்க, பட்டன் போன் மடியில் கிடக்கின்றது. வியாபாரியிடம் விலை கேட்பது, லொறி எப்போது வரும் என்று கேட்பது எல்லாம் அதில்தான். காசை மிச்சம்பிடிக்க அவர்களிடம் மணிக்கணக்கு ஒன்றும் இருக்கின்றது. ஒரு மணி அடித்து நின்றால் பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்துவிட்டது. இரண்டு தரம் அடித்தால் திருப்பி எடுக்க வேண்டும்.

"2022 இல கரண்ட் இல்லாமல் கிடந்த நேரம் ரச் போன் எல்லாம் செத்துப் போச்சு. எங்கட போன் மட்டும்தான் உயிரோட கிடந்தது" என்று ஓர் அக்கா சிரித்தார். அந்த ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. சிறிய திரையும் இணையம் இல்லாத வேலையும் மின்சாரத்தைக் குறைவாகவே எடுக்கும். அதனால் ஒரு தரம் சார்ஜ் போட்டால் பல நாட்கள் தாங்கும்.

உடையார்கட்டில் மறுபக்கத்தையும் கண்டேன். ஓர் அம்மா தனது போனை நீட்டி, "பிள்ளை, இதில என்ன கிடக்கெண்டு பார்" என்றார். திரை முழுவதும் சிறு சிறு பெட்டிகள். தமிழில் வந்த செய்தியை அந்தப் போனால் காட்ட முடியவில்லை. குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்து என்றால் 160 இடம் உண்டு. தமிழுக்கு 70 இடம்தான். அதிலும் 'கு' என்பது எமக்கு ஓர் எழுத்து, போனுக்கு ககரமும் உகரக் குறியுமாக இரண்டு. ஆகவே தமிழில் சற்று நீட்டி எழுதினால் அது இரண்டு, மூன்று செய்திகளாகக் கணக்கிடப்படும். புதிய போன் வாங்கும்போது கடையில் வைத்தே தமிழில் ஒரு செய்தி அனுப்பச் சொல்லிப் பாருங்கள். விலை ஒன்றாக இருந்தாலும் ஒரு போன் தமிழ் காட்டும், மற்றது காட்டாது.

அதே ஊரில் இன்னொரு பெண் ஓர் அலுவலகத்துக்குப் போய்த் திரும்பியிருந்தார். ஆவணத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பும்படி சொன்னார்களாம். "என்னட்ட அது இல்லை எண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது. பேசாமல் வந்திட்டன்" என்றார். இந்த வெட்கம்தான் எனக்குப் பெரிய கவலை. பெற வேண்டிய ஓர் உதவி, போனின் வகையால் கைநழுவிப் போகக் கூடாது.

புதுக்குடியிருப்பில் ஓர் அம்மாவின் வீட்டில் இரவு தங்கினேன். மகனைத் தேடிக்கொண்டிருப்பவர். வெளிநாட்டில் இருக்கும் மகள் ரச் போன் ஒன்று அனுப்பியிருக்கின்றார். அது பெட்டியோடு அலுமாரிக்குள் இருக்கின்றது. 2013 இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவுக்குக் கொடுத்த படிவத்திலும், பின்னர் 2018 இல் வேலை தொடங்கிய காணாமற் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்த படிவத்திலும் அவர் எழுதியது ஒரே இலக்கம். "இந்த நம்பருக்குத்தானே எடுப்பினம். இதை நிற்பாட்டி வைக்க ஏலாது" என்றார். புதிய போனுக்குள்ளும் அதே சிம்மைப் போடலாம், இலக்கம் மாறாது என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். ஆனால் சிம்மைக் கழற்றும் அந்தச் சில நிமிடத்துக்கும் அவருக்கு மனம் வரவில்லை. நான் வற்புறுத்தவில்லை. மாதம் தவறாமல் ரீலோட் போடுகின்றார். நீண்ட நாள் பாவிக்காமல் விட்டால் இலக்கம் கைவிட்டுப் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

வட்டுவாகல் பாலத்தைக் கடக்கும்போது பஸ்ஸில் பேச்சுக் குறைந்தது. ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் கடல். அதைத் தாண்டினால் முல்லைத்தீவு. கரையில் கருவாடு காயவைக்கும் பெண்களிடம், போனில் எது குறை என்று கேட்டேன். பிள்ளைகளின் முகம் என்றார்கள். வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டுமானால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போன் வேண்டும். 2020 இல் பாடசாலைகள் பூட்டப்பட்டு வகுப்புகள் இணையத்தில் நடந்தபோது தம் பிள்ளைகள் பின்தங்கியதையும் சொன்னார்கள். இது உண்மையான இழப்பு. பட்டன் போன் எல்லாவற்றுக்கும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆபத்து நேரத்தில் அது போதும். 1990 அம்புலன்ஸ் சேவை, 119 பொலிஸ், 1938 பெண்களுக்கான உதவிச் சேவை, 1929 சிறுவர் உதவிச் சேவை. இந்த நான்கு இலக்கங்களுக்கும் இணையம் தேவையில்லை. இவற்றைப் போனில் பதிவதோடு ஒரு தாளில் எழுதிச் சுவரிலும் ஒட்டுங்கள். வங்கியில் இருந்து வரும் இரகசிய இலக்கம் பட்டன் போனுக்கும் வரும். பரிசு விழுந்திருக்கின்றது என்று சொல்லி யார் கேட்டாலும் அதை வாசித்துக் காட்டாதீர்கள்.

அலுவலகங்களில், "என்னிடம் பட்டன் போன்தான் இருக்கிறது, படிவத்தைத் தாளில் தாருங்கள்" என்று நிமிர்ந்து கேளுங்கள். 2022 இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது, அதைத் தாளில் அச்சடித்துக் கொண்டுபோனவர்களுக்கும் எண்ணெய் கிடைத்தது. தாளுக்கு வழி விட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. தனியே கேட்கத் தயக்கமாக இருந்தால் உங்கள் மாதர் சங்கத்தில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள்.