எத்தனை கட்டை?

வேலன் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இரவு மணி ஒன்பதரை. மதுரையிலிருந்து வந்திருந்தார். வள்ளி புதுக்கோட்டையிலிருந்து ஏழு மணிக்கே வந்துவிட்டார். மேடைக்குப் பின்னால் ஓலைத் தட்டி மறைவில் உட்கார்ந்து கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தார். பபூன் காரைக்குடிக்காரர். ‘டான்ஸ்’ போடும் பெண் திண்டுக்கல்லிலிருந்து வந்தவர். திருமயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாரியம்மன் கோயில் திருவிழா, நாடகம் ‘வள்ளி திருமணம்’. ஆர்மோனியப் பின்பாட்டுக்காரர் எனக்குத் தூரத்துப் பழக்கம் என்பதால் மேடைக்குப் பின்னால் உட்கார இடம் கிடைத்தது.

வேலன் உள்ளே வந்ததும் வள்ளி எழுந்து கும்பிட்டார். “அண்ணனுக்கு எந்த ஊருங்க?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் காதலித்து, சண்டை போட்டு, விடிவதற்குள் கல்யாணம் முடிக்க வேண்டியவர்கள் அப்போதுதான் முதல் தடவையாகச் சந்திக்கிறார்கள். ஆர்மோனியக்காரர் வள்ளியிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

“எத்தனை கட்டை தாயி?”

“அஞ்சுங்கண்ணே.”

அவர்களுடைய ஒத்திகை அவ்வளவுதான்.

பத்தரைக்குப் பபூன் மேடையேறினார். பாடினார், குட்டிக்கரணம் போட்டார், ஊர்ப் பெரியவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்துச் சிரிக்க வைத்தார். டான்ஸ் வந்ததும் இருவரும் ஆட்டத்துக்குள்ளேயே சண்டை பிடித்தார்கள், பாட்டுக்குள்ளேயே சமாதானம் ஆனார்கள். மூச்சிரைப்பு குரலில் துளியும் தெரியவில்லை. நடுநிசிக்கு மேல் தினைப்புனத்துப் பரணில் ஏறி நின்று வள்ளி ஆலோலம் பாடியபோது, கூட்டத்தில் தூங்கிப்போயிருந்த கிழவிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். நாரதரும் வள்ளியும் செய்த தர்க்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. கேள்வியும் பதிலும் பாட்டாகவும் வசனமாகவும் மாறி மாறி வந்தன, ஓரிடத்திலும் தட்டவில்லை.

முன்பின் பார்த்திராத ஐந்தாறு பேர் ஒன்று சேர்ந்து விடிய விடியப் பாடி, ஆடி, நடிப்பது எப்படி? அதன் பெயர் ஏன் ‘ஸ்பெஷல் நாடகம்’? இந்த இரண்டு கேள்விகளோடுதான் மறுநாள் காலை அந்த ஊரிலிருந்து பஸ் ஏறினேன்.

முதலில் தப்பான தடத்தில் போனேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் என்ற நாடகக்காரர் பெண்களையே கொண்டு ஒரு கம்பெனி நடத்தினார். அவருடைய நாடகத்தைப் பார்க்க வெளியூர்க்காரர்களுக்காகவே ரயில் விடப்பட்டது, அதைப் ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்றே ஜனங்கள் அழைத்தார்கள் என்று நாடக வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ‘ஸ்பெஷல்’ அந்த ரயிலிலிருந்துதான் வந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று சில நாள் உறுதியாக நம்பினேன். கேட்பதற்கு அழகான கதை. ஆனால் பாலாமணி நடத்தியது கம்பெனி. நிரந்தரமான ஆட்களும் ஒரே முதலாளியும் கொண்டது. நான் திருமயத்தில் பார்த்தது அதற்கு நேர்மாறு.

இன்னும் பின்னால் போய்ப் பார்க்கவும் ஆசை வந்தது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் சோழன் முன் ஆடுகிறாள். ஆடல் ஆசிரியன், இசை ஆசிரியன், குழலோன், யாழோன் என்று ஆளுக்கொரு இலக்கணம் சொல்லி, மேடைக்கு நீளம் எட்டுக் கோல், அகலம் ஏழு கோல், உயரம் ஒரு கோல் என்று அளவும் தருகிறார் இளங்கோ. படிக்கப் படிக்க நெஞ்சு விம்முகிறது. ஆனால் அந்த அரங்குக்கும் திருமயத்து ஓலைத் தட்டிக்கும் நேராக ஒரு கோடு இழுக்க எனக்குத் துணிவில்லை. இடையில் தெருக்கூத்து இருக்கிறது, தஞ்சை மராட்டியர் இருக்கிறார்கள், பம்பாயிலிருந்து திரைச்சீலையும் மெட்டும் கொண்டுவந்த பார்சி நாடகக் கம்பெனிகள் இருக்கின்றன, ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியம் இருக்கிறது.

வழி காட்டியது ஒரு நோட்டீஸ். ஆர்மோனியக்காரர் வீட்டுத் தகரப் பெட்டியில், துணிக்கு அடியில் மடித்து வைத்திருந்தார். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் படம். படத்துக்குக் கீழே பெயர், ஊர். மிருதங்கம், டோலக் வாசிப்பவர்களுக்கும் அப்படியே. சத்த விசேஷங்கள் எல்லாம் செய்கிறவருக்கு ‘ஆல்ரவுண்ட்’ என்று பட்டம். நோட்டீஸ் முழுக்கத் தேடியும் கம்பெனி என்று ஒரு பெயர் இல்லை. அதுதான் விடை. கம்பெனி நாடகத்தில் முதலாளி சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் குழு ஊர் ஊராகப் போய் மாதக்கணக்கில் தங்கும். இங்கே ஊர்க்காரர்கள் ஓர் இரவுக்கென்று ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியே பேசி, முன்பணம் கொடுத்து வரவழைக்கிறார்கள். தனியாக வரவழைப்பதால் ஸ்பெஷல்.

“கம்பெனில இருந்தவுகதான தம்பி வெளிய வந்து ஸ்பெஷல் ஆடுனாக. கம்பெனி போச்சு, பாடம் போகல” என்றார் ஆர்மோனியக்காரர்.

‘பாடம்’ என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சங்கரதாஸ் சுவாமிகளிடம் போய்ச் சேர்ந்தேன்.

1867-இல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்துவிட்டு, இருபத்து நான்கு வயதளவில் நாடகத்துக்கு வந்தார். அவர் வந்த காலத்து மேடையில் பாட்டுக்கு ஏடு உண்டு, பேச்சுக்குக் கிடையாது. நடிகர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். சபையில் சொல்லக் கூடாததும் வந்தது. சுவாமிகள் வசனத்தையும் எழுதிக் கட்டினார். இன்னார் இந்த விருத்தம் பாட வேண்டும், அது முடிகிற இடத்தில் இன்னார் இந்தச் சொல்லோடு எடுக்க வேண்டும், பிறகு பாட்டு இந்த மெட்டில் என்று வரிசை வந்தது. பெரியவர்கள் கட்டுப்பாட்டுக்குள் நிற்கவில்லை என்பதால் சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்றினார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அவ்வை தி.க. சண்முகம் அதில் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற தம் நூலில் அந்த நாட்களைச் சண்முகம் எழுதியிருக்கிறார். சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்த செய்தி அதில் வருகிறது. நடிப்பு ஒரு வாத்தியாரிடம், பாட்டு இன்னொரு வாத்தியாரிடம் என்று அந்தப் பையன்கள் பிரித்துக் கற்றுக்கொள்ளவில்லை. பாட்டே வசனம், வசனத்தின் நடையே அடவு.

என் தேடலில் நான் அதிகம் நின்றது இந்த இடத்தில்தான். நடிகரின் வாயைக் கட்டுவதற்காகப் பிறந்த பாடம், கம்பெனிகள் கலைந்தபோது அதே நடிகருக்குச் சுதந்திரம் ஆயிற்று. மதுரைக்காரர் எடுத்துக் கொடுத்தால் புதுக்கோட்டைக்காரர் பிடித்துக்கொள்ளலாம், ஏனென்றால் இருவருக்கும் ஒரே பாடம். எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் எவ்வளவு தூரம் ஓடிவிட்டுத் திரும்பலாம் என்றும் தெரிந்தவர். வள்ளியும் நாரதரும் ஒரு மணி நேரம் தர்க்கம் செய்ய முடிந்தது அதனால்தான். தெரிய வேண்டியதாக மிச்சம் இருந்தது சுருதி ஒன்றே. அதைத்தான் ஆர்மோனியக்காரர் கேட்டார்.

ஸ்பெஷல் மேடை யாரை யாரோடு சேர்த்தது என்று பாருங்கள். செங்கோட்டை கிட்டப்பாவும் கொடுமுடி சுந்தராம்பாளும் ஜோடி சேர்ந்தது இலங்கையில், 1920-களின் நடுவில். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை போக வேண்டிய குரல்கள். கிட்டப்பா 1933-இல் இறந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. விசுவநாத தாஸ் முருகனாக வேடம் கட்டிக்கொண்டே விடுதலைப் பாட்டுப் பாடிச் சிறைக்குப் போனார். முடிதிருத்தும் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு மேடையேறப் பலர் மறுத்த காலத்தில் கே.பி. ஜானகி அம்மாள் சேர்ந்து நடித்தார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில் மேடையிலேயே தாஸின் உயிர் பிரிந்தது.

பிறகு சினிமா வந்தது. மேடையில் ‘பவளக்கொடி’ ஆடிய தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் 1934-இல் அதே கதையில் திரைக்குப் போனபோது, தங்கள் குரலோடுதான் போனார்கள். 1938-இல் ‘நந்தகுமார்’ படத்தில் ஒருவர் நடிக்க வேறொருவர் பாடினார். தமிழ்த் திரையில் பின்னணிப் பாட்டு அங்கே தொடங்கியது. ஓர் உடம்பில் இருந்த வித்தைகளில் குரல் தனியாகப் போனது. டான்ஸ் மாஸ்டர் சொல்லித் தரும் ஆட்டம் பின்னால் வந்தது. நமக்கு இன்று அதுதான் இயல்பு. நடிக்கிறவரே பாடினால் அதைச் செய்தியாகப் போடுகிறோம். நான் சினிமாவைக் குறை சொல்லவில்லை. அது தந்த பாட்டுகளோடுதான் வளர்ந்தேன். ஆனால் பாடி, ஆடி, நடிக்கும் கலைஞர் நம்மிடம் அபூர்வம் என்று யாராவது சொன்னால், அவர் பங்குனி, சித்திரையில் புதுக்கோட்டைப் பக்கம் வந்ததில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

அவர்களை ஊர் நடத்தும் விதத்தையும் சொல்ல வேண்டும். அன்று விடிந்ததும் வள்ளி முகம் கழுவி, சாதாரணச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யார் கண்ணிலும் படாத மாதிரி பஸ் ஸ்டாண்டின் ஓரத்தில் நின்றார். ராத்திரி முழுக்கக் கைதட்டியவர்களில் சிலர் அதே பஸ்ஸுக்குத்தான் காத்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. “வாடகைக்கு வீடு கேட்டா தொழில் என்னன்னு கேப்பாங்க. சொன்னா வீடு இல்லம்பாங்க” என்றார் என்னிடம். அவர் குரலில் அப்போதும் சுருதி இருந்தது.

சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். அதற்குமுன் பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகும் தம் பையன்களோடுதான் இருந்தார். அவர் சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. போன ஆண்டு போய்ப் பார்த்தேன். நான் போன நேரத்தில் அங்கே வேறு யாரும் இல்லை.

மறந்துபோகாமல் காத்தவரும் ஒருவர் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்த ரோஜா முத்தையா, மற்றவர்கள் தூக்கி எறிந்த நோட்டீஸ்களையும் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்து வைத்தார். பழைய நாடகங்களைத் தேடுகிறவர்கள் இன்று சென்னையில் அவர் பெயரில் இருக்கும் நூலகத்துக்குத்தான் போகிறார்கள். ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்த் திருவிழாவில் நாடகம் போட்டால், பபூன் காமிக் முடிந்ததும் எழுந்துவிடாமல் விடியும்வரை இருந்து பாருங்கள். நோட்டீஸைப் பொட்டலம் மடிக்கக் கொடுக்காதீர்கள். தேதி அச்சாகாமல் இருந்தால் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்தப் படத்துக்குக் கீழே இருக்கும் பெயர் வேறு எங்கேயும் எழுதப்படாமல் போகலாம்.