உப்பு விளையும் கரையிலே...

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிப் புறப்படுவோர் முதலில் கடப்பது கோட்டக்குப்பம். முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் இவ்வூர் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தைச் சேர்ந்தது; 2021ஆம் ஆண்டில் நகராட்சியாக உயர்ந்தது. சாலையின் மேற்கே வானூரின் செம்மண் பூமி விரிகிறது. சவுக்குத் தோப்புகளும், இப்பகுதியார் 'மல்லாட்டை' என்றழைக்கும் வேர்க்கடலைக் கொல்லைகளும் அம்மண்ணின் செல்வங்கள்.

மேலும் வடக்கே சென்றால் கழுவேலி ஏரி. மழைக்காலத்தில் நன்னீர் வந்து நிறையும் இவ்வேரி, மரக்காணம் அருகே கழிமுகத்தின் வழியாகக் கடலோடு உறவு கொள்கிறது. வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்துள்ள இதனைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. இனிய நீரையும் உவர் நீரையும் அருகருகே அமைத்த இறைவனின் வல்லமையைத் திருமறை நமக்கு நினைவூட்டுகிறதல்லவா? அதனைக் கண்ணால் காண விரும்புவோர் இக்கரையில் சற்றே நிற்கலாம்.

அதன்பின் மரக்காணத்து உப்பளங்கள். உவர்நீரைப் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சி, வெயிலில் வற்றச் செய்து, அடியில் படியும் உப்பைப் பலகையால் வாரி வரப்பில் குவிக்கின்றனர். தை, மாசியில் பாத்திகளைத் திருத்தத் தொடங்கும் தொழில், கோடையில் உச்சம் பெற்று, ஐப்பசி மழையோடு நின்றுவிடுகிறது. உவர்நீரில் நின்று கால்கள் வெடிக்கும். வெண்மையின் கூச்சம் கண்களை வருத்தும். நம் சமையலறையில் மிக மலிவான பொருளின் பின்னே இத்தனை பாடு இருக்கிறது.

இவ்வுழைப்பாளிகளுக்குப் பழைய சோறும், சின்ன வெங்காயமும், ஒரு துண்டு கருவாடும் நல்லுணவே. வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. கஞ்சியில் இட்ட உப்பு அதனை ஈடு செய்கிறது. உணவும் உழைப்பும் ஒன்றுக்கொன்று அளந்து வைத்தாற்போல் பொருந்தியிருக்கின்றன.

இப்பொருத்தம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பர் ஆய்வாளர். அந்நூலில் கடற்கரை மக்கள் விருந்தினருக்குச் சுட்ட உலர்மீனை அளிக்கின்றனர்; உழவர்களோ உலக்கையால் குற்றிய அரிசிச் சோற்றை அளிக்கின்றனர். அவ்விருந்தினர் யார்? ஊர் ஊராகக் கால்நடையாய் நடந்து வந்த பாணர்கள்! நடந்தவர்க்கே அந்த விருந்து.

'முன்னோர் உணவு' என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. கேழ்வரகும் கம்பும் கருவாடும் மீண்டும் நம் இல்லங்களுக்கு வருகின்றன. நன்று! ஆயினும் முன்னோரின் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களின் நடையை விட்டுவிட்டோமே! நிழலில் அமர்ந்து தொழில் செய்யும் நமக்கு, வெயிலில் உப்பு வாருபவரின் கருவாடும் ஊறுகாயும் அதே அளவில் எதற்கு? இரத்தக் கொதிப்பும் அதனால் வரும் பக்கவாதமும் இல்லாத தெரு உண்டா?

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு தேக்கரண்டி. நம் நாட்டவர் ஏறத்தாழ இரு மடங்கு உண்பதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. பெரியவர் ஐவர் உள்ள இல்லத்தில் மாதத்திற்கு 750 கிராமைத் தாண்டலாகாது; ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைப் பண்டங்களில் உள்ள உப்பும் இதில் அடக்கம். இல்லத்தரசியர் உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளைக் குறித்து வைத்தால் கணக்குத் தானே விளங்கும்.

பழையது அனைத்தும் சிறந்தது என்றும் எண்ணிவிட வேண்டாம். அளத்திலிருந்து நேரே வரும் உப்பில் நம் தேவைக்குரிய அயோடின் இல்லை. அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்காக விற்பது 2006 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. கருவுற்ற தாய்க்கும் வளரும் குழந்தைக்கும் அது இன்றியமையாதது.

நம்முடைய நோன்புக் கஞ்சியைப் பாருங்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி: பசித்த குடலுக்கு இதைவிட இதமானது எது? அதனருகே எண்ணெயில் பொரித்த வடையையும் சமோசாவையும் குவிப்பது நாம் சேர்த்த வழக்கமே.

வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என அளவு கற்பித்தவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதும் அதே அண்ணல்தாம். முதல் செய்தியை மதரஸாக்களில் அடிக்கடி கற்பிக்கிறோம். இரண்டாவதை ஏனோ சிரிப்போடு கடந்துவிடுகிறோம். சுப்ஹு தொழுகைக்கு ஆண்கள் வாகனத்தை விட்டு நடந்து செல்லட்டும். மாலையில் துணைவியரையும் மக்களையும் அழைத்துக்கொண்டு குடும்பமாக நடக்கட்டும். அடுப்படியிலேயே ஆயுளைக் கழிக்கும் நம் பெண்களுக்கும் காற்றும் நடையும் உரிமையல்லவா?

உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். உண்பதை அளந்து உண்போம், உண்டதற்கேற்ப நடப்போம். இன்ஷா அல்லாஹ், நம் இல்லங்களில் நலம் விளையும்.