கப்பல் விருந்தினரும் ஒரு கார்த்திகை மழையும்

"நாளைக்குக் கப்பல் வருது" என்று அப்பா சொன்னால், எங்கள் இல்லத்தில் அது பண்டிகைக்கு முந்திய நாள். ஆட்டோவின் இருக்கை உறை துவைக்கப்படும். அம்மா கண்ணாடிக்குக் கீழே செருக ஒரு முழம் பூ வாங்கி வைப்பாள்.

வெளிநாட்டுச் சுற்றுலாக் கப்பல்கள் குளிர்காலத்தில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்துபோவதை நண்பர்கள் செய்தித்தாளில் படித்திருக்கலாம். 2022 ஜூனில் இங்கிருந்தே புறப்படும் சொகுசுக் கப்பல் ஒன்றை முதலமைச்சர் தொடங்கிவைத்த செய்தியும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் ஆட்டோக்காரர் வீட்டில் கப்பல் என்றால் ஒரே பொருள்தான்: காலையில் இறங்கி மாலைக்குள் திரும்ப வேண்டிய, பேரம் அதிகம் பேசாத சவாரி.

சென்ற ஆண்டு கார்த்திகையில் அப்படி ஒரு கப்பல் வந்த நாளில் விடியும்முன்பே மழை பிடித்துக்கொண்டது. கல்லூரிக்கு விடுமுறை அறிவித்துவிட்டார்கள். "நீயும் வா கண்ணு, இங்கிலீஷ்ல பேசறதுக்கு ஆள் வேணும்" என்றார் அப்பா. எனக்கு உள்ளூரப் பெருமை. அதைவிட அதிகமாக அச்சம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இரண்டு ஆண்டு ஆங்கிலப் பாடம் படித்தவன் வாய் திறக்காமல் நின்றால் அப்பா என்ன நினைப்பார்? அதனால் முந்தின இரவே நாலைந்து வாக்கியங்களை எழுதி மனப்பாடம் செய்திருந்தேன்.

துறைமுக வாசலில் குடையின்றி நின்ற ஜெர்மானியத் தம்பதியர் எங்கள் வண்டியில் ஏறினர். அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மையாருக்கு எழுபது வயதிருக்கும். நான்கு மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும் என்று கைக்கடிகாரத்தைக் காட்டிச் சொன்னார் பெரியவர்.

கடற்கரைச் சாலையில் வண்டி போகும்போது என் மனப்பாடத்தை அவிழ்த்துவிட்டேன். துறைமுகம் கட்டப்படாத காலத்தில் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளை மசூலா படகுகளில் ஏற்றி அலைகளைத் தாண்டிக் கரை சேர்ப்பார்கள். அந்தப் படகில் ஆணியே கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை அடித்தால் உடையாமல் வளைந்துகொடுக்கும். 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள், 1881 புயலில் கட்டியது சிதைந்தது, மீண்டும் கட்டினார்கள். மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். பெரியவர் என் தோளைத் தட்டி, "ஸ்லோ ப்ளீஸ். மை இங்கிலீஷ் ஆல்சோ ஸ்மால்" என்றார். அவருக்கும் ஆங்கிலம் பள்ளியில் படித்த மொழிதான் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை!

மயிலாப்பூரில் சுரங்க ரயில் பணிக்காக அடைத்திருந்த தெருக்களைச் சுற்றிக்கொண்டு கோயிலை அடைந்தோம். அங்கே அப்பாவின் ஆங்கிலம்தான் கொடி கட்டிப் பறந்தது. "டெம்பிள் ட்வெல்வ் ஓ க்ளாக் க்ளோஸ். கோ ஃபாஸ்ட், சீ ஸ்லோ" என்றார். அவர்களுக்கு உடனே புரிந்தது. கோபுரத்தின் ஒவ்வொரு நிலையிலிருந்தும் மழைநீர் ஒழுக, அம்மையார் வெறுங்காலோடு ஈரக் கல்லில் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். அம்பிகை மயிலாக வந்து சிவனைப் பூசித்த கதையை நான் இலக்கணப் பிழையின்றிச் சொல்ல முயன்று திணறினேன். அப்பா ஒரே சொல்லில் "மதர், பீகாக்" என்று முடித்துவிட்டார்.

அம்மையாருக்குப் பட்டுச் சேலை பார்க்க ஆசை. தியாகராய நகருக்குப் போனோம். மழையிலும் பாண்டி பஜாரில் கூட்டம் குறையவில்லை. ஒரு சேலை எடுப்பதற்குள் மணி இரண்டரை ஆகிவிட்டது.

தவறு செய்தவன் நான்தான். "வந்த வழியே போயி பீச் ரோட்டப் புடிச்சிரலாம்" என்றார் அப்பா. நான் கைப்பேசி வரைபடத்தைக் காட்டி, ஜி.என். செட்டி சாலை வழியே அண்ணா சாலைக்குப் போனால் பன்னிரண்டு நிமிடம் மிச்சம் என்று வாதாடினேன். "அங்க தண்ணி நிக்கும்டா" என்றவர், விருந்தினர் முன்னால் என்னை மறுத்துப் பேச மனமின்றியோ என்னவோ, வண்டியைத் திருப்பினார்.

தியாகராய நகர் 1920-களில் ஏரி நிலத்தில் உருவான ஊர். லாங் டேங்க் என்ற அந்த நெடிய ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் மனை போட்டார்கள். தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருவதில் வியப்பில்லை. இதையும் நான் படித்திருந்தேன். படித்தது வேளைக்கு நினைவுக்கு வர வேண்டுமே!

சாலை நடுவில் முழங்கால் அளவுத் தண்ணீர். வண்டி இருமியது, நின்றது.

அப்பாவின் முகத்தை அப்போது பார்த்தேன். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு பெருகி எங்கள் தெருவுக்குள் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பாவின் பழைய ஆட்டோ மூன்று நாள் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது; பிறகு பழைய இரும்புக் கடைக்குத்தான் போயிற்று. அதன்பின் இரண்டு ஆண்டுகள் வாடகை வண்டி ஓட்டித்தான் இந்த வண்டிக்கு முன்பணம் சேர்த்தார். தவணை இன்னும் முடியவில்லை. அன்றிரவு இருந்த அதே முகம். என்னை அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இருவரும் இறங்கித் தள்ளினோம். வண்டி திடீரென்று இலேசாயிற்று. திரும்பிப் பார்த்தால், காலணியோடு தண்ணீரில் இறங்கிப் பெரியவரும் தள்ளிக்கொண்டிருக்கிறார்! "நோ சார், நோ!" என்று அப்பா பதறினார். அவர் கேட்கவில்லை. மேடான இடத்தில் நிறுத்தி, அப்பா பிளக்கைக் கழற்றித் தம் சட்டையின் உட்புறத்தால் துடைத்தார். பெரியவர் தம் கைக்குட்டையை நீட்டினார். இரு கிழவர்களும் (அப்பா மன்னிக்க!) ஒரே பிளக்கின் மேல் தலை கவிழ்த்து, ஒருவர் தமிழிலும் ஒருவர் ஜெர்மனிலும் பேசிக்கொண்டார்கள். மின்பொறி பற்றித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதிய நான் அம்மையாருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். மணி மூன்று பத்து. ஆறாவது இழுப்பில் வண்டி உயிர் பெற்றது.

பிறகு அப்பா என்னைக் கேட்கவில்லை, வரைபடத்தையும் கேட்கவில்லை. எல்டாம்ஸ் சாலை, ஆழ்வார்பேட்டை, ராதாகிருஷ்ணன் சாலை என்று தம் மனத்தில் இருந்த வழியில் ஓட்டிக் காந்தி சிலையருகே கடற்கரைச் சாலையில் ஏறினார். துறைமுக வாசலில் நிற்கும்போது நான்குக்குப் பன்னிரண்டு நிமிடம்.

பேசிய தொகைக்கு மேல் பெரியவர் ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். அப்பா தயங்கிப் பிறகு வாங்கிக்கொண்டார். கடலைப் பார்த்துவிட்டு, "சீ ரஃப், சார். டேக் டேப்லட்" என்றார். பெரியவர் சிரித்துக்கொண்டே அப்பாவின் எண்ணெய்க் கையைப் பற்றிக் குலுக்கினார்.

அந்த ஐந்நூறும் அதற்கு மேலும் மறுநாள் மெக்கானிக்கிடம் போயிற்று. இரவு சாப்பிடும்போது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அப்பா என் கைப்பேசியை வாங்கி, வரைபடத்தில் ஜி.என். செட்டி சாலையைத் தேடச் சொன்னார். சோற்றுக் கையை விலக்கிக்கொண்டு, இடக்கை விரலை அந்தக் கோட்டின் மேல் வைத்தார்.

"இங்க தண்ணி நிக்கும்னு இதுல எப்டி எழுதறது கண்ணு?" என்று கேட்டார்.