டயருக்கு வார்த்த பால்

சைக்கிள் டயருக்குப் பால் வார்ப்பதைப் பற்றி எழுதப் போகிறோம் என்றதும், "பசும்பால் விற்கிற விலையில் இதென்ன அக்கிரமம்!" என்று நேயர்களில் சிலர் கோபங்கொள்ளக்கூடும். நாம் சொல்வது ரப்பர்ப் பால்.

டியூப் இல்லாத டயர் மோட்டார் வண்டிகளுக்கு வந்து வெகு காலமாயிற்று. 1999-ம் வருஷ வாக்கில் அது சைக்கிளுக்கும் வந்து சேர்ந்தது. இதில் டயரின் ஓரமே ரிம்மைக் கெட்டியாகக் கவ்விக்கொண்டு காற்றைக் காவல் காக்கிறது. உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும். கடைக்காரர்கள் அதைச் 'சீலன்ட்' என்பார்கள். முள் குத்தினால், வெளியே பாய்கிற காற்று அத்திரவத்தையும் துவாரத்துக்குள் இழுத்துச் செல்ல, அது அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்கிறது. சவாரி செய்கிறவருக்குப் பஞ்சரான சங்கதியே தெரிவதில்லை.

சென்ற சித்திரையில் நம் சைக்கிளுக்கும் இந்த வைபவம் நடந்தது. "ஸார், இனிமேல் பஞ்சர் என்ற வார்த்தையையே நீங்கள் மறந்துவிடலாம்" என்றார் கடைக்காரர். நாமும் அவர் சொற்படியே மறந்தோம். பழைய டியூப், லீவர் எல்லாம் பரண்மேல் ஏறின.

டிசம்பர் 11-ந் தேதி பாரதியார் பிறந்த தினம். அன்று காலை எட்டயபுரத்தில் பிள்ளைகள் பாடும் கூட்டம் ஒன்றில் நம் புதல்வியும் பாடுவதாக ஏற்பாடு. கோவில்பட்டியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தானே, சைக்கிளிலேயே போகலாம் என்று இருவரும் புறப்பட்டோம். அவளுடையது டியூப் போட்ட பழைய வண்டி. வழியில் அதைப் பார்த்து நாம் இரண்டொரு பரிகாச வார்த்தை சொன்னதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பாதி தூரம் போயிருப்போம். சாலையோரம் ஒதுங்கியபோது சீமைக் கருவேல முள் ஒன்று நம் பின்சக்கரத்தில் ஏறிற்று. வெகு தைரியமாக அதைப் பிடுங்கி எறிந்தோம். 'உஸ்' என்று காற்று வந்தது, பால் வரவில்லை. துவாரத்தைக் கீழே திருப்பி வைத்துப் பார்த்தோம். பம்பு அடித்தோம். அடித்த காற்றெல்லாம் அடித்த வேகத்திலேயே வெளியேறியது.

"அப்பா, மணி ஒன்பதாகிறதே!" என்றாள் குழந்தை.

"நீ முன்னால் போ, அம்மா. நான் தள்ளிக்கொண்டு வருகிறேன்."

இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். நாம் மணிமண்டபத்து வாசலை அடைந்தபோது வேறு யாரோ ஒரு சிறுவன் பாடிக்கொண்டிருந்தான். ஒரு மாத காலம் வீட்டில் அவள் பழகியதையெல்லாம் கேட்டவர்கள் நாம்; சபையில் பாடியதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

வீடு திரும்பி டயரைக் கழற்றிப் பார்த்தோம். உட்புறமெங்கும் ஆடை மாதிரி மெல்லிய தோல் படிந்திருந்தது. மூலையில் நெல்லிக்காயளவு ரப்பர் உருண்டை ஒன்று கிடந்தது. ஒரு சொட்டுத் திரவங்கூட இல்லை. சித்திரை வெயிலும் ஆனி வெயிலும் எப்போதோ அதைக் குடித்துவிட்டன. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. எட்டு மாதம் நாம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தப் பாலின் சரித்திரம் ரஸமானது. ரப்பர் மரம் பிரேஸில் தேசத்துக்குரியது. 1876-ம் வருஷத்தில் விக்கம் என்ற ஆங்கிலேயர் சுமார் 70,000 விதைகளை அங்கிருந்து லண்டனிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்தன. நம் தேசத்தில் 1902-ல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் தோட்டம் போட்டார்கள். இன்று கன்னியாகுமரி ஜில்லாவில் குலசேகரம் பக்கம் போனால், விடியுமுன்பே பட்டையைக் கீறிச் சிரட்டையில் பால் பிடிப்பதைப் பார்க்கலாம். கீறிய காயத்தின்மேல் பால் உறைந்து அதை மூடிவிடுகிறது. மரம் தன் காயத்துக்கு வைத்திருந்த மருந்தைத்தான் நாம் டயரின் காயத்துக்கு வாங்கிக்கொள்கிறோம். சிரட்டையில் விட்டுவைத்தால் உறைந்து ஒட்டுப்பாலாகும். ஆகையால் உறையாதிருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். புட்டியைத் திறந்ததும் மூக்கைத் துளைப்பது அதுதான். அம்மோனியாவும் நீரும் ஆவியாகப் போய்விட்டால், டயருக்குள்ளும் மிஞ்சுவது ஒட்டுப்பாலே.

ஆகவே, வாங்கும்போது புட்டியின்மேல் போட்டிருக்கும் பெயரைவிடத் தயாரித்த தேதியே முக்கியம். மூடி திறவாத புட்டியிலும் பால் நாளடைவில் கெடும். கப்பலேறி வந்து அலமாரியில் தவமிருந்த சரக்கைவிட, உள்ளூரில் புதிதாகக் கிடைப்பது மேல். அம்மோனியா மிகுந்த சரக்கு சில அலுமினிய ரிம்களை அரிக்கும், அதையும் கேட்டுக்கொள்ளவேண்டும். ரப்பர்ப் பாலே சேராத, கிளைக்காலில் நார் கலந்த கெட்டித் திரவம் ஒன்றும் மோட்டார்ச் சாமான் கடைகளில் விற்கிறது. அது எளிதில் உலராது என்பது வாஸ்தவம். ஆனால் அழுத்தம் மிகுந்த மெல்லிய சைக்கிள் டயரில், பாலைப்போல் உறைந்து இறுகாது. நம் ஓட்டு பாலுக்கே.

வார்க்குமுன் புட்டியை நன்றாகக் குலுக்கவேண்டும். துவாரத்தில் சிக்கி அடைக்கும் துகள்களெல்லாம் அடியில் தங்கியிருக்கும். குலுக்காவிட்டால் டயருக்குப் போவது வெறும் மேல்தண்ணீர். 32 மில்லிமீட்டர் அகலமுள்ள டயருக்கு 45 மில்லிலிட்டர் போதும். மலைப்பாதையில் ஓடும் பெரிய டயருக்கு 120 வரை வேண்டும். ஒரு ஜாதிப் பாலோடு இன்னொன்றைக் கலக்கலாகாது. கரியமிலவாயுக் குப்பியால் காற்றடித்தால் சில பால்கள் திரிந்துபோகும், கைப்பம்பே உத்தமம். வார்த்தபின் சக்கரத்தைச் சுழற்றி, இருபுறமும் சற்று நேரம் படுக்கவைத்தால் ஓரங்களில் கசிவு நிற்கும்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நம் வீட்டில் ஒரு சடங்கு நடக்கிறது. வால்வு அடியில் வரும்படி சக்கரத்தைச் சிறிது நேரம் நிறுத்தி, காற்றை விட்டு, வால்வின் உட்பூட்டைக் கழற்றி, துவாரத்தின் வழியே ஈர்க்குச்சியை விடுகிறோம். நுனி நனைந்து வந்தால் சரி; காய்ந்து வந்தால் 30 மில்லிலிட்டர் வார்க்கிறோம். குச்சியை நீட்டிக் காட்டினால்தான் நம் புதல்வி நம்புகிறாள். பரண்மேலிருந்த டியூபும் இறங்கிவந்து, சைக்கிள் பையில் ஏறிவிட்டது.