போர்டைத் திருப்பிக் காட்டு

சென்னை ரிச்சி தெருவில் செல்போன் கடைகளையும் லேப்டாப் கடைகளையும் தாண்டிப் போனால், மாடிகளில் இன்னும் சில பழைய பழுதுபார்க்கும் கடைகள் இருக்கின்றன. அப்படி ஒன்றில் ரேடியோ, ஆம்ப்ளிபையர் வேலை பார்க்கும் பெரியவரிடம், கல்லூரி மாணவர்கள் புராஜெக்டுக்காகச் செய்த எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் போர்டுகளைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அவர் எதை வைத்து ஒரு போர்டைத் தேறியது என்கிறார் என்று பார்க்கப் போயிருந்தேன்.

“அண்ணா, ரேடியோல பாட்டு நல்லாக் கேக்குது” என்றான் வந்த பையன்.

“கேக்கும் தம்பி. போர்டைத் திருப்பிக் காட்டு.”

லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு பற்றவைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஈயம் பாகத்தின் காலைச் சுற்றிச் சரிந்து இறங்கி, ஓரம் மெலிந்து செம்போடு சேர்ந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் உருண்டையாக, மங்கலாக நின்றது. அதன் நடுவே, காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு வளையம். டிரை சால்டர். இன்று வேலை செய்யும், நாளை மேசை அதிர்ந்தால் விட்டுப்போகும்.

அடுத்து கால்களின் நீளம். டிரான்சிஸ்டரை முழு நீளக் காலோடு நிற்கவைத்திருந்தான் பையன். ஆடியோ ஆம்ப்ளிபையரில் இது பெரிய குற்றமில்லை. 100 மெகாஹெர்ட்ஸில் நிலைமை வேறு. ஒரு சென்டிமீட்டர் கம்பியே சுமார் 10 நானோஹென்றி. ஐந்து மி.மீ. விட்டத்தில் ஐந்து சுற்றுச் சுற்றிய காயிலே ஏறக்குறைய 100 நானோஹென்றிதான். வெட்டாமல் விட்ட கால் ஒவ்வொன்றும் யாரும் கேட்காத இன்னொரு காயில். பிரெட்போர்டில் எஃப்.எம். செய்யாதே என்று அவர் எல்லோரிடமும் சொல்வதற்கும் காரணம் இதுதான்: அதன் அடுத்தடுத்த வரிசைகளுக்கு நடுவே சில பிக்கோபாரட் தானாகவே சேர்ந்துகொள்ளும். வெறும் செம்புத் தகட்டை கிரவுண்டாக வைத்து, அதன்மேலேயே பாகங்களைப் பற்றவைக்கும் முறை பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அச்சடித்த பல போர்டுகளைவிட அது நன்றாக வேலை செய்யும் என்கிறார். எனக்கும் அதில் சந்தேகமில்லை.

பிறகு போர்டுக்கு மின்சாரம் கொடுத்தார். ஆன்டெனா கிடையாது, அந்த இடத்தில் இரண்டு 100 ஓம் கார்பன் ரெசிஸ்டர்களை இணையாகச் சேர்த்த 50 ஓம் டம்மி லோடு. பக்கத்தில் ஒரு ரேடியோ. காயிலைப் பிளாஸ்டிக் குச்சியால் லேசாகத் தட்டினார். ஸ்பீக்கரில் ‘டங்’ என்றது. காயில் நடுங்கினால் அலைவரிசையும் நடுங்கும். மெழுகுவர்த்தியை உருக்கி நான்கு சொட்டு விட்டார், ஆறவைத்துத் திரும்பத் தட்டினார், சத்தமில்லை. உள்ளங்கையைக் காயிலுக்கு அருகே கொண்டுபோனதும் நிலையம் நகர்ந்தது. போர்டு சூடேற ஏற, இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. கையால் நகர்வதற்குத் தகரக் கவசம் போட வேண்டும். சூட்டால் நகர்வதற்கு காயிலோடு சேரும் கெப்பாசிட்டரை மாற்ற வேண்டும்: தலையில் கறுப்புப் பட்டை வைத்த செராமிக். சூட்டில் அதன் மதிப்பு ஏறக்குறைய மாறாது. கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்காவிட்டால் ஏதோ ஒன்றைத்தான் எடுத்துக் கொடுப்பார்.

இவ்வளவும் தேறினாலும் அவர் ‘சரி’ சொல்வதில்லை. கடைசிக் கேள்வி, போர்டு எங்கே பேசக்கூடாதோ அங்கே பேசுகிறதா என்பது. 98 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் போர்டு 196-லும் 294-லும் முணுமுணுக்கும். அதை வெளியேறும் வழியிலேயே பில்டர் போட்டுத் தடுக்க வேண்டும். எஃப்.எம். முடியும் 108-லிருந்து 118 வரை விமானங்களுக்கு வழிகாட்டும் கருவிகள்; அதன்மேல் 137 வரை விமானியின் பேச்சு. மோசமாகக் கட்டிய ஆசிலேட்டர் நிலைதடுமாறினால் அங்கேயும் போய் விழலாம். பையனின் போர்டில் பில்டருக்கு இடமே விடவில்லை. ஆசிரியர் கொடுத்த வரைபடத்திலேயே அது இல்லையாம்.

உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது இந்தியாவில் குற்றம். பீகாரின் மன்சூர்பூரில் ரேடியோ மெக்கானிக் ராகவ் மஹதோ தன் கையால் செய்த கருவியில் நடத்திய கிராம நிலையம் 2006-ல் இதனால்தான் மூடப்பட்டது. தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி தொடங்கலாம் என்று கொள்கை மாறியதும் அதே ஆண்டின் கடைசியில்தான். அதற்கு முன் அந்த அனுமதி கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் இருந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம் 2004-லேயே வந்துவிட்டது. ஆகவே ஒரு மாணவன் இந்தக் கைவேலையைப் பழக நேர்மையான இடம் கல்லூரி ஆய்வகம்தான். அங்கேயோ பாட்டுக் கேட்டதா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டு அனுப்புகிறார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். போர்டைத் திருப்பிப் பார்த்து மதிப்பெண் போடுங்கள். ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடு மாட்டச் சொல்லுங்கள். வரைபடத்தில் பில்டரைச் சேர்த்துக் கொடுங்கள்.