பெயர் இழந்த பிழை

2018ஆம் ஆண்டு. நாமக்கல்லில் ஒரு முட்டை வணிக அலுவலகத்துக்கு, கேரளம் செல்லும் லாரிகளின் சுமையைப் பதியும் வலைப்பக்கம் ஒன்றை எழுதித் தந்திருந்தேன். ஓர் அட்டைக்கு 30 முட்டை. அட்டைக் கணக்கும் முட்டைக் கணக்கும் ஒத்துவராவிட்டால், 'எண்ணிக்கைப் பிழை' என்று நானே வகுத்த ஜாவாஸ்கிரிப்ட் பிழை ஒன்று எழும். மற்ற பிழைகளையெல்லாம் இணையத் தொடர்பின் தலையில் கட்டியிருந்தேன்.

ஒரு மாலை கணக்குப்பிள்ளை அழைத்தார். "நெட்டு இல்லைன்னே சொல்லுது தம்பி. ஆனா நெட்டு இருக்குதுங்க."

"கொஞ்ச நேரம் கழிச்சுப் பாருங்கய்யா" என்றேன், சேலத்தில் இருந்தபடி. மூன்று நாளும் அதே பதில்தான். இதற்குள், பேரேடு எழுதியே பழகியவருக்குக் கணினி வரவில்லை என்று அலுவலகத்தில் பேச்சு எழுந்துவிட்டது.

நான்காம் நாள் ராசிபுரம் வழியாகப் பேருந்தில் போனேன். அங்கே இருந்தது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11. நான் 2015ஆம் ஆண்டுத் தரப்படி எழுதிய 'கிளாஸ்' என் உலாவியில் அப்படியே ஓடியது. அந்தப் பழைய உலாவிக்கு அது புரியாது என்பதால், டைப்ஸ்கிரிப்ட் கொண்டு பழைய நடைக்கு மாற்றி அனுப்பியிருந்தேன். சிக்கல் அந்த மாற்றத்தில் இருந்தது. பழைய நடையில் 'எர்ரர்' என்னும் மூல வகையை அழைத்தால், நாம் கொடுத்த பொருளை அது தொடுவதில்லை. புதிதாக ஒரு வெறும் பிழையை உண்டாக்கித் திருப்பித் தருகிறது. செய்தி தங்குகிறது, வகை போய்விடுகிறது. 'இது எண்ணிக்கைப் பிழையா?' என்று 'இன்ஸ்டன்ஸ்ஆஃப்' கொண்டு கேட்டால், இல்லை என்றே விடை வரும்.

மூல வகையை அழைத்த உடனே 'செட்புரோட்டோடைப்ஆஃப்' கொண்டு நம் வகையின் முன்மாதிரியை மீண்டும் பொருத்தினால் போதும். எக்ஸ்புளோரர் 10க்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் அந்த வசதியும் கிடையாது. அங்கே பிழையின் 'நேம்' பண்பில் பெயரை எழுதி, அதைப் பார்த்தே பிரித்தறிய வேண்டும். இரண்டையும் செய்தேன்.

மறுபடி அழுத்தியதும் சரியான செய்தி வந்தது. அவர் வாசித்துவிட்டுச் சொன்னார்: "கடைசி அட்டை எப்பவும் நிறையாதுங்க தம்பி. அதையா தப்புங்குது?"

அவர் கணக்கு சரி. எல்லா அட்டையும் நிறைந்திருக்கும் என்று எண்ணிய என் விதிதான் தவறு. பிழைக்கு அதன் பெயர் திரும்பக் கிடைத்த பிறகே அது யாருடையது என்று தெரிந்தது. விதியைத் திருத்திவிட்டு, உரிமையாளரிடம் போய் அதைச் சொல்லிவிட்டுத்தான் பேருந்து ஏறினேன்.